வேல்ஸ் கோட்டைகளும் பழைய கிராமங்களும்: ஒருநாள் பயணங்களுக்கு முழுமையான வழிகாட்டி

லண்டன், பர்மிங்ஹாம், மான்செஸ்டர் பக்கமிருந்து வேல்ஸுக்குக் கிளம்பும் நம் ஆட்களின் திட்டத்தை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். ஸ்னோடன் மலை, ஒரு அருவி, ஒரு கடற்கரை, போகிற வழியில் “ஏதாவது ஒரு கோட்டை”. அந்தக் கோட்டைக்குக் கிடைப்பது அரை மணி நேரம். டிக்கெட் விலையைப் பார்த்ததும் “வெளியிலிருந்தே நல்லாத்தானே தெரியுது” என்று யாராவது சொல்வார்கள். வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வண்டி நகர்ந்துவிடும்.

இங்கே சொல்லப்போவது அதற்கு நேரெதிரான முறை. கோட்டைதான் முதல், மற்றதெல்லாம் அதைச் சுற்றி. வேல்ஸில் சுமார் 600 கோட்டைகள் உண்டு என்பார்கள். அவற்றில் பல இன்று புல் முளைத்த மண்மேடுகள்தான். நாளைக்கு ஒரு பெரிய கோட்டை, அதனோடு ஒரு சின்னக் கோட்டையோ பழைய கிராமமோ, அவ்வளவு போதும். நான்கைந்தை ஒரே நாளில் அடுக்கினால் ராத்திரி போனைப் புரட்டும்போது எந்தக் கோபுரம் எந்த ஊர் என்றே தெரியாது.

முதலில் கதை

யார் கட்டினார்கள், யாருக்கு எதிராகக் கட்டினார்கள் என்று தெரியாமல் போனால் வடக்கு வேல்ஸ் கோட்டைகள் எல்லாமே வெறும் கல்சுவர். அதனால் வண்டியில் ஏறும் முன் இவ்வளவு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

13ஆம் நூற்றாண்டில் வேல்ஸில் பலமாக இருந்தது வடமேற்கின் க்வினெத் அரசு. அதன் இளவரசர் லெவெலின் அப் கிரிஃபித், 1282 டிசம்பர் 11 அன்று கில்மெரி என்ற ஊருக்கு அருகே கொல்லப்பட்டார். அவருடைய தம்பி தாஃபித் அடுத்த ஆண்டு பிடிபட்டு, ஷ்ரூஸ்பரியில் கொடூரமான முறையில் மரண தண்டனைக்கு உள்ளானார். ஜெயித்த இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட், மறுபடி யாரும் தலைதூக்கக் கூடாது என்று கடலோரமாக வரிசையாகக் கோட்டைகளை எழுப்பினார். கான்வி, கனார்வன், ஹார்லெக் மூன்றிலும் 1283இல் வேலை மும்முரமானது. 1294இல் மாடோக் என்பவர் தலைமையில் வெல்ஷ் மக்கள் கிளர்ந்தெழுந்து கனார்வனைப் பிடித்துவிட, அதை அடக்கிய கையோடு 1295இல் பியூமாரிஸ் தொடங்கியது. வேலையை நடத்தியவர் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சவோயிலிருந்து வந்த மாஸ்டர் ஜேம்ஸ். நான்குமே கப்பல் வந்து சேரக்கூடிய இடத்தில் இருக்கின்றன. மலைப்பக்கம் முழுக்க எதிரி சூழ்ந்தாலும் கடல்வழியாகச் சாப்பாடு வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. 1986இல் நான்கும் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

கோட்டையை ஒட்டி மதில் சூழ்ந்த ஊர்களையும் கட்டி ஆங்கிலேயர்களைக் குடிவைத்தார்கள். வெல்ஷ் மக்களுக்கு உள்ளே குடியிருக்க உரிமை கிடையாது. இன்றைக்கு அதே கனார்வன் மதிலுக்குள் கடையில், தெருவில், பப்பில் எங்கே காதைக் கொடுத்தாலும் வெல்ஷ் மொழிதான். 700 வருடத்தில் கோட்டை தோற்றுப்போன ஒரு விஷயம் இருக்கிறது என்றால் அது இதுதான்.

ஆகவே என் யோசனை: எட்வர்டின் கோட்டை ஒன்றைப் பார்க்கும் நாளில், முடிந்தவரை தோற்ற தரப்பின் அடையாளம் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். கீழே உள்ள திட்டங்களை அப்படித்தான் கோத்திருக்கிறேன்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

தங்குமிடம்: வடக்குக்கு கான்வி அல்லது பக்கத்திலுள்ள லாண்டுட்னோ. தினமும் ஊர் மாற்றி ஊர் மாற்றிப் பெட்டி தூக்க வேண்டாம். லண்டன் யூஸ்டனிலிருந்து லாண்டுட்னோ ஜங்ஷனுக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வாடகைக் காரை அங்கே எடுப்பதா, மான்செஸ்டரில் எடுப்பதா என்பது உங்கள் பட்ஜெட்டைப் பொறுத்தது.

வண்டி: இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தை வைத்துப் பிரிட்டனில் 12 மாதம் வரை ஓட்டலாம். நம்மூர் போலவே இடதுபக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்யுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் குடியிருப்புப் பகுதித் தெருக்களில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 20 மைல். ஊருக்குள் நுழைந்ததும் காலை எடுத்துவிடுங்கள், கேமரா இரக்கம் காட்டாது. கிராமச் சாலைகள் பல ஒற்றை வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால் யாருக்கு ஒதுங்குமிடம் பக்கமோ அவர் பின்னால் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் தயங்குகிறவரை ஸ்டியரிங்கில் உட்கார வைக்காதீர்கள். மேப் சொல்லும் நேரத்தோடு கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு டிராக்டர் போனால் அதுவும் போதாது.

மேப்பில் ஊர்ப்பெயரைக் குரலில் சொல்லித் தேடுவது வீண். வெல்ஷ் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் நமக்குப் பிடிபடாத தூரம். முதல் நாள் ராத்திரியே எல்லா இடங்களையும் மேப்பில் குறித்து, ஆஃப்லைனில் இறக்கி வைத்துவிடுங்கள். மலைப்பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும்.

டிக்கெட்: பெரிய கோட்டைகளில் பெரும்பாலானவை வேல்ஸ் அரசின் கேடூ அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கு 3 நாள், 7 நாள் பாஸ்கள் உண்டு. எத்தனை கோட்டைக்குள் உண்மையிலேயே நுழையப் போகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு, தனித்தனி டிக்கெட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள். இங்கிலாந்தின் பழஞ்சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பில் உறுப்பினராக இருந்தால் கேடூ கோட்டைகளில் முதல் வருடம் பாதி விலை, புதுப்பித்த பிறகு இலவசம். நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பின் அட்டை இங்கே செல்லாது, அது போவிஸ் போன்ற வேறு கோட்டைகளுக்கு. குளிர்காலத்தில் நாலு மணிக்கே கதவை இழுத்துவிடுவார்கள். டிசம்பரில் அந்நேரத்துக்கு இருட்டும் கட்டிவிடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வருவது நல்லது.

காலணியும் உடையும்: கோபுரங்களுக்குள் இருப்பது நெருக்கமான சுழற்படிகள். உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குக் குறுகும், வெளிப்பக்கம் தேய்ந்து குழிந்திருக்கும், மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ அவசியம். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக முடியாது, மார்பில் கட்டிக்கொள்ளும் பை எடுத்துவாருங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, அத்தையிடம் “மேலே ஏறணும்னா இன்னைக்குப் புடவை வேண்டாம்” என்று காலையிலேயே சொல்லிவிடுவது நல்லது. குடை எதற்கும் உதவாது. மதில்மேல் அடிக்கும் காற்றில் அது உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். தலைமூடியுள்ள மழைக்கோட்டுதான்.

சாப்பாடு: கிராம பப்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும், பிறகு மாலைதான். சைவக்காரர்களுக்கு பட்டினி இல்லை. சீஸை உருக்கி ரொட்டிமேல் ஊற்றித் தரும் வெல்ஷ் ரேர்பிட் உண்டு. சீஸும் லீக்கும் ரொட்டித்தூளும் சேர்த்துச் செய்யும் கிளமோர்கன் சாசேஜ், பெயரில்தான் சாசேஜ், கறி கிடையாது. முட்டை சாப்பிடாதவர்கள் வெல்ஷ் கேக், பாரா பிரித் என்ற உலர்பழ ரொட்டி இரண்டையும் கேட்டுவிட்டு வாங்கவும். புளியோதரையைக் கட்டிக்கொண்டு போய்க் கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

முதல் நாள்: கான்வி, பிறகு பள்ளத்தாக்கு வழியே டோல்விதெலன்

கான்வியில் கோட்டைக்குள் போகும் முன் ஊர் மதிலில் ஏறுங்கள். இலவசம். சுமார் 1.3 கிலோமீட்டர் நீளம், 21 கோபுரங்கள், பெரும்பகுதி நடந்தே போகலாம். மேற்கு மூலையின் உயரமான கோபுரத்திலிருந்து பார்த்தால் ஊர், கோட்டை, ஆற்றுமுகம் மூன்றும் ஒரே படத்துக்குள் வரும். தெற்கு மதிலில் வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டு 12 கல்மாடங்கள் வரிசையாக நிற்கும். அவை கழிப்பறைகள். அரசு அலுவலர்களுக்காகக் கட்டியவை. எட்வர்டின் ஆட்கள் எல்லாவற்றையும் திட்டம் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

கோட்டைக்கு எட்டுக் கோபுரங்கள். உள்ளே பெரிய மண்டபம் பாறையின் போக்குக்கு ஏற்ப வளைந்திருப்பதைக் கவனியுங்கள். இங்கே கேட்க வேண்டிய கதை 1401ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி. காவல்படை தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம். ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த வெல்ஷ் தலைவர் ஓவைன் கிளின்டூரின் உறவினர்களான டியூடர் சகோதரர்களின் ஆட்கள், தச்சுவேலைக்கு வந்தவர்கள் போல் உள்ளே நுழைந்து கோட்டையைக் கைப்பற்றிவிட்டார்கள். அத்தனை கோபுரமும் அம்புப் புழையும் இருந்தும், இரண்டு தச்சர்களைச் சந்தேகப்பட ஆளில்லை. அந்தச் சகோதரர்களில் இன்னொருவரின் வழியில் வந்த ஹென்றி டியூடர்தான் 1485இல் இங்கிலாந்துக்கே அரசரானார்.

படகுத்துறையில் சிவப்பு வண்ணத்தில் பிரிட்டனின் மிகச் சின்ன வீடு இருக்கிறது. அகலம் 1.8 மீட்டர். வரிசை நீளமாக இருந்தால் வெளியிலிருந்து பார்த்தாலே போதும். நேரமிருந்தால் எலிசபெத் காலத்துச் செல்வந்தர் வீடான பிளாஸ் மாவருக்குள் போங்கள். கூரையின் சுண்ணாம்புப் பூவேலை பார்க்கத் தக்கது.

மதியத்துக்கு மேல் ஆற்றை எதிர்த்துத் தெற்கே. அரை மணி நேரத்தில் லான்ருஸ்ட். 1636இல் கட்டிய மூன்று வளைவுக் கல்பாலம் இன்றும் வண்டி போகும் பாலம். நடுவில் மேடாக எழும்புவதால் எதிரே வருவது தெரியாது, நிதானமாக ஏறுங்கள். பாலத்தடியில் கொடி படர்ந்த தேநீர்க்கடையின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் செயின்ட் கிரஸ்ட் தேவாலயத்துக்குள் போங்கள். அங்கே வெறுமையாக ஒரு கல் சவப்பெட்டி கிடக்கிறது. 1240இல் இறந்த, ‘மாபெரும்’ என்று அடைமொழி பெற்ற லெவெலின் இளவரசருடையது. கொல்லப்பட்ட லெவெலினின் தாத்தா. அவரை அடக்கம் செய்த மடம் இருந்த இடத்தில்தான் எட்வர்ட் கான்வி கோட்டையைக் கட்டினார். துறவிகளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, இடத்தை எடுத்துக்கொண்டார். காலையில் ஏறிய மதிலை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

பெட்டிஸ்-அ-கோய்டில் காபி, பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்தில் டோல்விதெலன். அந்த மூத்த லெவெலின் கட்டிய கோட்டை. ஒரே ஒரு சதுரக் கோபுரம், ஆட்டு மேய்ச்சல் வழியாகச் சிறிது ஏறி நடக்க வேண்டும். கான்வியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு “இவ்வளவுதானா?” என்று தோன்றும். தோன்ற வேண்டும். இரண்டு தரப்பின் பணபலத்துக்கும் இருந்த வித்தியாசம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. 1283 ஜனவரியில் இது ஆங்கிலேயர் கைக்குப் போனது. பனிக்காலச் சண்டைக்காகப் புதிய காவல்படைக்கு வெள்ளை உடை கொடுத்திருக்கிறார்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் இந்த நாள் கைகூடும். லாண்டுட்னோ ஜங்ஷனிலிருந்து பிளைனாய் ஃபெஸ்டினியோக் போகும் ரயில் லான்ருஸ்ட், பெட்டிஸ்-அ-கோய்ட், டோல்விதெலன் மூன்றிலும் நிற்கும். சின்ன நிலையங்களில் கை காட்டினால்தான் நிற்கும், இறங்குவதானால் கண்டக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.

இரண்டாம் நாள்: பியூமாரிஸ், கனார்வன்

காலையில் மெனாய் நீரிணையைத் தாண்டி ஆங்கிள்சி தீவு. 58 எழுத்துப் பெயர்ப்பலகை உள்ள ரயில் நிலையம் வழியில்தான். 19ஆம் நூற்றாண்டில் சுற்றுலாவுக்காக நீட்டிய பெயர் அது. ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை.

பியூமாரிஸுக்கு உயரம் இல்லை. பாதியில் நின்ற கோட்டை. ஆனால் வரைபடமாகப் பார்த்தால் நான்கிலும் இதுதான் கச்சிதம். அகழி, வெளிமதில், அதற்குள் அதைவிட உயரமான உள்மதில். வாசல் பாதையில் அவசரப்படாமல் நில்லுங்கள். இரண்டு பக்கச் சுவரிலும் இரும்புப் பல்கதவு இறங்கிய பள்ளம் இருக்கும், கையை உள்ளே விட்டுப் பார்க்கலாம். தலைக்கு மேலே ஓட்டைகள். வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் நேர்க்கோடு கிடையாது. உள்ளே புகுந்தவன் திரும்பித்தான் ஆக வேண்டும், திரும்பும்போது பக்கவாட்டில் அம்பு. 1296இல் பணம் கேட்டு எழுதிய கடிதத்தில் 400 கொத்தர்கள், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்போர் என்று கணக்கு இருக்கிறது. பணம் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பியதும் வேலை படுத்துவிட்டது. இந்தக் கோட்டைக்காகப் பக்கத்து லான்ஃபைஸ் ஊரின் வெல்ஷ் குடிகளைக் கிளப்பித் தீவின் மறுமூலைக்கு அனுப்பினார்கள்.

மதியம் கனார்வன், அரை மணி நேர ஓட்டம். பட்டை பட்டையாக நிறம் மாறும் கல்லும் பலகோணக் கோபுரமுமாக, மற்ற மூன்றிலிருந்தும் தனித்து நிற்கும். கான்ஸ்டான்டினோபிள் மதிலை மனதில் வைத்துக் கட்டியது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கருத்து. இது ஆட்சி செய்ய மட்டும் அல்லாமல் மிரட்டவும் கட்டியது. வெளியிலிருந்து பார்க்கும்போதே அது புரிந்துவிடும். உள்ளே போனால் பல சுவர்கள் பாதியில் நிற்பதும், இணைக்காமல் விட்ட கற்கள் பல்லாக நீட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். 2023 முதல் கிங்ஸ் கேட் வாசலில் மேல்தளம் வரை லிஃப்ட் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் மேலிருந்து பார்க்கக் கிடைக்கும் அரிய கோட்டை. ரயிலில் வருவதானால் பேங்கர் வரை வந்து பஸ் பிடியுங்கள்.

மூன்றாம் நாள்: ஹார்லெக், பெத்கெலர்ட்

நான்கில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் ஹார்லெக் என்பேன். செங்குத்துப் பாறையின் விளிம்பில் கோட்டை, பின்னால் ஸ்னோடோனியா மலைகள், கீழே மணல்மேடு. ஒருகாலத்தில் கடல் பாறையடிக்கு நெருங்கி வந்தது. இப்போது பின்வாங்கி நடுவே கோல்ஃப் மைதானம். பாறையைச் சுற்றி இறங்கும் 108 படிகள் வழியாகத்தான் 1294-95 முற்றுகையில் கப்பலில் வந்த உணவு மேலே ஏறியது. 1404இல் கிளின்டூர் பிடித்து, 1409 வரை குடும்பத்தோடு இங்கே வாழ்ந்தார். எட்வர்டின் கோட்டையே கொஞ்சகாலம் வேல்ஸின் தலைமையிடமாக இருந்தது. 2015இல் போட்ட நடைபாலம் வந்தபிறகு நுழைவு சுலபம். பக்கத்துத் தெரு ஒன்று பயங்கரச் சரிவு. மேப் அந்த வழி காட்டினால் கேட்காதீர்கள்.

திரும்பும் வழியில் பெத்கெலர்ட். இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் கல்வீடுகள், கல்பாலம். ஆற்றோரம் நடந்தால் கெலர்ட் என்ற வேட்டைநாயின் ‘சமாதி’. குழந்தையைக் காணோம், நாயின் வாயில் ரத்தம். நாயின் எஜமானர், அதே மூத்த லெவெலின், வாளால் வெட்டிவிட்டார். பிறகுதான் தொட்டிலுக்குப் பின்னால் குழந்தையும் செத்த ஓநாயும் தெரிந்தன. கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதே அல்ல. ஊருக்கு ஆள் வரவழைக்க 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் விடுதிக்காரர் ஒருவர் கதையை இங்கே ஒட்டி, கல்லையும் நட்டார் என்பதுதான் வழக்கமான விளக்கம். இருந்தாலும் நடந்துவர வேண்டிய இடம்.

வழியில் போர்ட்மேரியன் என்ற வண்ணமயமான ஊரைப் பலரும் சேர்ப்பார்கள். 1925க்கும் 1975க்கும் இடையே ஒரு கட்டடக் கலைஞர் தன் ஆசைக்குக் கட்டியது. அழகுதான், பழைய கிராமம் கிடையாது. அரைநாள் தின்றுவிடும்.

ரயில் பிரியர்களுக்கு ஒரு தனி வழி: கான்வி பள்ளத்தாக்கு ரயிலில் பிளைனாய், அங்கிருந்து 1836இல் ஸ்லேட் கல் ஏற்றத் தொடங்கிய ஃபெஸ்டினியோக் சிற்றிருப்புப் பாதையில் மின்ஃபோர்த், பிறகு கடலோர ரயிலில் ஹார்லெக். நாள் முழுக்கப் போய்விடும், திரும்பும் வண்டியை முதலில் உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள்.

ஊர் திரும்பும் நாள்: போவிஸ்

வடக்கிலிருந்து பர்மிங்ஹாம் பக்கம் போகிறவர்கள் வெல்ஷ்பூல் வழியாகப் போகலாம். செந்நிறக் கல்லில் போவிஸ் கோட்டை. நேஷனல் டிரஸ்ட் சீட்டு. இதைக் கட்டிய வெல்ஷ் இளவரசர் எட்வர்டின் பக்கம் சாய்ந்தவர். அதனால் வம்சமும் சொத்தும் தப்பின.

தமிழர்கள் இங்கே நிற்க வேறொரு காரணம் உண்டு. ஆற்காட்டில் பெயர் எடுத்த ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ், போவிஸ் குடும்பத்துப் பெண் ஹென்ரியட்டாவை மணந்தவர். 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னர். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது அவர் பதவியில் இருந்தபோதுதான். திப்பு சுல்தானின் அச்சுத்துணிக் கூடாரமும், சிம்மாசனத்திலிருந்த கல் பதித்த தங்கப் புலித்தலை ஒன்றும் கோட்டைக்குள் கிளைவ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். கூடாரம் இங்கே தோட்ட விருந்துகளுக்குப் பந்தலானது. 300க்கும் மேற்பட்ட பொருட்கள். அறை சின்னது, வெளிச்சம் மங்கல், ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். குழந்தைகள் பொறுமை இழந்தால் படிப்படியாக இறங்கும் மாடித் தோட்டம் இருக்கிறது. தெற்கே சில மைலில் பெரியூ, கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீடுகளின் கிராமம்; தேநீருக்குப் பொருத்தம்.

கார்டிஃபிலிருந்து என்றால்

தெற்கின் கதை வேறு. இங்கே எட்வர்டுக்கு முன்பே நார்மன் பிரபுக்கள் வந்துவிட்டார்கள். ஒரு நாள் கேர்ஃபில்லி, காஸ்டெல் கோக். கேர்ஃபில்லி 1268இல் தொடங்கியது, வேல்ஸிலேயே பெரியது, சுற்றிலும் செயற்கை ஏரி, பைசா கோபுரத்தைவிடச் சாய்ந்த ஒரு கோபுரம். கார்டிஃபிலிருந்து உள்ளூர் ரயிலில் போய்விடலாம். காஸ்டெல் கோக் 19ஆம் நூற்றாண்டுப் பணக்காரரின் கனவு. பழமை எதிர்பார்க்காமல் கூரை ஓவியங்களைப் பாருங்கள். மழை கொட்டினால் இரண்டையும் விட்டுவிட்டு செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகம் போகலாம். வேல்ஸ் முழுவதிலிருந்தும் பழைய வீடுகளைக் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். நுழைவு இலவசம், வீடுகளுக்குள் அடுப்பும் எரியும்.

இன்னொரு நாள் செப்ஸ்டோ, டின்டர்ன், ராக்லன். செப்ஸ்டோ 1067இல் தொடங்கியது, வை ஆற்றின் பாறை விளிம்பில். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த மரக்கதவுகள் 1962 வரை வாசலிலேயே தொங்கின. இப்போது உள்ளே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய கோட்டைக் கதவுகள் இவை. டின்டர்ன் மடத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கும். ராக்லனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாகன நிறுத்தம் கோட்டை வாசலிலேயே இருக்கிறது, அன்றைக்குக் காலில் மிச்சமிருப்பதை வைத்தே கோபுரம் ஏறிவிடலாம்.